தன் ஆய்வுக்கு எதிரே நின்றவள்

யதுஷா பதினொரு ஆண்டுகள் சூரிச் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிப்பித்தாள். சிறிய ஊர்களில் மக்கள் ஏன் வாக்களிக்கிறார்கள், ஏன் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகருக்கு அருகே அவள் பிறந்து வளர்ந்த ஊரில், ஊரை நிர்வகிக்கும் ஆட்சிக்குழுவில் ஓர் இடம் காலியானது. கட்சிக்காரர்கள் வந்து அவளைப் போட்டியிடச் சொல்லிக் கேட்டார்கள். தகப்பன் இராஜேந்திரனுக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் அவர்.

"எங்கட பேரைச் சொல்லவே இவையளுக்கு நாக்குப் புரளாது. வாக்குப் போடுவினமோ?"

"போடாட்டி, ஏன் போடேல்லை எண்டு ஒரு கட்டுரை எழுதுறன் அப்பா."

போட்டார்கள். அவள் பல்கலைக்கழக வேலையை விட்டாள். ஏழு பேர் கொண்ட குழுவில், புதிதாக வருபவருக்கு மற்றவர்கள் விட்ட துறைதான் மிஞ்சும். யதுஷாவுக்குக் கிடைத்தது பாடசாலைக் கட்டடங்கள்.

இரண்டாம் ஆண்டில் மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. அங்கே படித்தது இருபத்திரண்டு பிள்ளைகள். மூடிவிட்டு அவர்களை பஸ்ஸில் ஊரின் கீழ்ப்பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றது குழு. யதுஷா மறுத்துப் பேசினாள். ஐந்துக்கு இரண்டு என்று தோற்றாள். குழுவின் விதிப்படி, யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வெளியே சொல்லக்கூடாது. குழுவின் முடிவைத் தன் முடிவாகச் சொல்ல வேண்டும். மூடுவதா என்பதை ஊர் மக்கள்தான் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். துறை அவளுடையது என்பதால், அந்த வாக்கெடுப்புக்கு முந்திய ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டியவளும் அவள்தான்.

கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹூபர் ஒரு தாளோடு எழுந்தார்.

"பள்ளி மூடப்பட்ட ஊர்களில் வாக்களிப்போர் தொகை பத்து வருடத்தில் ஐந்தில் ஒன்று குறைகிறது. இதை எழுதியவரின் பெயரையும் வாசிக்கட்டுமா?"

மண்டபம் சிரித்தது. யதுஷாவின் காது சுட்டது.

"நான்தான் எழுதினேன், ஹூபர். அது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். குழுவின் காரணங்களையும் கேளுங்கள். முடிவு உங்களுடையது" என்றாள். பிறகு அந்தக் காரணங்களை ஒன்றையும் மழுப்பாமல், ஒன்றையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னாள்.

வெளியே வந்தபோது இராஜேந்திரன் மெதுவாகக் கேட்டார். "மனசிலை ஒண்டு, வாயிலை ஒண்டு. கஷ்டமாயில்லையோ பிள்ளை?"

"ஓம், கஷ்டம்தான். ஆனா எல்லாரும் தங்கட எண்ணத்துக்குக் கதைச்சா, ஊரை ஆர் நடத்துறது?"

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நூற்று அறுபத்து நான்கு வாக்கு வித்தியாசத்தில் மக்கள் பள்ளியை மூட மறுத்தார்கள். குழு தோற்றது.

"உங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்குமே" என்றார் குழுத்தலைவர்.

"கூரை வேலையைக் கோடை விடுமுறையிலேயே முடிக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சிரிப்பை அடக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த இளவேனிலில் பல்கலைக்கழகம் அவளைத் திரும்பக் கூப்பிட்டது. இரண்டு கிழமை யோசித்தாள். குழுவிலும் தொடர்ந்து இருக்கப்போவதால், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்து படிப்பிக்க முடியும் என்று பதில் எழுதினாள். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.