சூடில்லாத காப்பியை ஆற்றியவர்

போன மாதம் என் பேத்தி என்னை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காப்பிக் கடைக்கு இழுத்துப் போனாள். காப்பி போடுகிற பையன் கண்ணாடிக் குடுவையின் மேல் ஒரு காகிதக் கூம்பை வைத்து, அதில் தூளைக் கொட்டி, மொத்தத்தையும் தராசில் ஏற்றினான். பக்கத்தில் ஒரு கடிகாரம் வேறு. மூக்கு வளைந்த கெண்டியிலிருந்து வெந்நீரை நூல் போல விட்டான், நிறுத்தினான், தராசைப் பார்த்தான், மறுபடி விட்டான். "நாலு நிமிஷம் ஆகும் தாத்தா. தண்ணிய வேகமா ஊத்துனா டேஸ்ட் போயிரும். பரவால்லீங்களா?" என்றான். எனக்கென்ன அவசரம், ரிட்டயராகி இருபத்தைந்து வருஷமாகிறது என்றேன். காப்பி என்னவோ புளித்தது. அதுதான் அதன் குணம் என்றாள் பேத்தி. நானும் தலையாட்டி வைத்தேன். ஆனால் முதல் தண்ணீர் பட்டுத் தூள் உப்பி எழும்போது வருமே ஒரு வாசனை, அது மட்டும் மாறவே இல்லை. அது என்னைக் கொண்டுபோய் விட்ட இடம், பாப்பநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டின் சமையலறை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு பட்டறையில் டெஸ்டிங் ஷெட்டில் வேலை. செய்து முடித்த பம்பைத் தொட்டி மேல் ஏற்றி ஓடவிட்டு, நிமிஷத்துக்கு எத்தனை காலன் தண்ணீர் தள்ளுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். இதைச் செய்ய ஆரம்பித்து ஆறே மாதத்தில், தண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்ட நினைப்பு எனக்கு வந்துவிட்டது. வீட்டில் குழாயடியில் குடம் நிறைய எத்தனை விநாடி என்று எண்ணிக்கொண்டு நிற்பேன். "எண்ணி முடிச்சுட்டியா? முடிச்சுட்டா நகரு" என்று அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வாள்.

அந்தக் குழாயில் வந்தது சிறுவாணித் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாத்திரம் கழுவத்தான் ஆகும். காப்பிக்கு என்று சிறுவாணியைத் தனியாக ஒரு செம்புத் தவலையில் பிடித்து வைப்பாள் அக்கா. பித்தளை பில்டரில் தூளைப் போட்டு, குடை மாதிரிக் காம்பு வைத்த தட்டால் லேசாக அமுக்கி, இரண்டு கரண்டி வெந்நீரைச் சுற்றிலும் விட்டுக் காத்திருப்பாள். தூள் ஊறின பிறகு இன்னும் ஒரு கரண்டி. அப்புறம் அடுப்படியில் வேறு வேலை பார்ப்பாள். திரும்பி வந்து இன்னொரு கரண்டி.

எனக்கு இதில் ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. பில்டர் ஒன்று, தூள் ஒன்று, தண்ணீர் ஒன்று. ஆனால் சில நாள் டிகாக்‌ஷன் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும், சில நாள் அரை மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டம்மா ஊர்வம்பு பேச வந்தால் சீக்கிரம் இறங்கும். எதையும் சொல்லத் தயங்குகிற அந்தியூர்ச் சித்தி வந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். யார் வந்தார்கள் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பில்டர் ஓட்டை அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அத்தனை ஓட்டையையும் கோணி ஊசியால் குத்திவிட்டேன். அக்கா பில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாவு சலிக்கலாமாட்ட இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா எங்களோடு இருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அவளைச் சென்னிமலையில் கொடுத்திருந்தது. மச்சான் வீட்டில் தறி போட்டுப் பெட்ஷீட் நெய்து விற்றார்கள். அண்ணன் தம்பிகள் நாலு பேர், ஒரே சமையல், மாமியார் வைத்ததுதான் சட்டம். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தனிக்குடித்தனம் வைத்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டாள். எட்டு மாதம் ஆகியிருந்தது. மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வார்த்தை வாயில் வருவதற்குள் வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். 'ஆகட்டும்' என்பதற்கே அவர் மூன்று தடவை தொண்டையைச் செருமுவார்.

அம்மா அப்போதே இல்லை. அப்பா ஞாயிறு தவறாமல் கிணத்துக்கடவில் எங்கள் தென்னந்தோப்பைப் பார்க்கப் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் வருவார். அது மச்சானுக்கும் தெரியும். அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்க மச்சான், வாங்க. உக்காருங்க."

"இருக்கட்டுங்க மாப்ள."

உட்கார்ந்தார். அக்கா கதவோரம் வந்து, "வாங்க. காப்பி வெக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் 'என்ன விஷயம்' என்று கேட்பது, அவரை வெளியே போகச் சொல்வதற்குச் சமம். காப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டால் வந்தவர் எழுந்திருக்கக் கூடாது. குடித்து முடித்த பிறகு காரணமில்லாமல் உட்கார்ந்திருக்கவும் கூடாது. வந்த காரியத்தை இந்த இரண்டுக்கும் நடுவில் அவராகவே சொல்லியாக வேண்டும். இது யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் பில்டரையும் அதையும் சேர்த்து யோசிக்கிற மூளை இல்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். கையில் சொம்பு. "அவிய ஏதோ சொல்லத்தான் வந்திருக்காங்க. சித்த நேரம் புடிக்கும். நான் போயிக் கறந்த பால் வாங்கிட்டு வாரேன். நீ கூட உக்காந்திரு. பம்புக் கதையெல்லாம் பேசாதே, கண்ணு." பால் கறக்கிற வீடு அடுத்த சந்தில். புழக்கடை வழியாகப் போனாள். பில்டரைத் தொடாதே என்று அவள் சொல்லவில்லை. நான் சமையலறைக்குள் கால் வைப்பேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன். மச்சான் தொண்டையைச் செருமினார். நான் காத்திருந்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், மறுபடி செருமினார். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "புதுசா ஒரு பம்பு வந்திருக்குதுங்க மச்சான்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் மரியாதைக்கு 'ம்' கொட்டினார். அந்த 'ம்' எனக்குப் போதுமானதாக இருந்தது.

பேசி முடித்தும் காப்பி வரவில்லை. மச்சானை இவ்வளவு நேரம் காக்க வைப்பது என்ன மரியாதை என்று எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறார், ஒரு காப்பி கொடுக்க வக்கில்லையா என்று நினைத்துவிட்டால்? உள்ளே போய்ப் பில்டரைத் திறந்தேன். அடியில் ஒரு விரல்கடை டிகாக்‌ஷன். மேலே ஈரத் தூள், குடை. பம்பு பழுதானால் பார்க்கிற மாதிரி பார்த்தேன். குடையை எடுத்து வெளியே வைத்தேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் அத்தனையையும் ஒரே ஊற்றாக ஊற்றி, கரண்டிக் காம்பால் ஒரு கலக்குக் கலக்கினேன். கோணி ஊசி வேலையும் சேர்ந்துகொண்டது. குடுகுடுவென்று இறங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

காலையில் காய்ச்சிய பால் ஆடை கட்டிக் கிடந்தது. அதைச் சுட வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் அப்படியே நிறைய விட்டுக் கலந்து, டம்ளரும் வட்டாவுமாகக் கொண்டுபோய் வைத்தேன்.

மச்சான் காப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டம்ளரை எடுத்து வட்டாவில் ஊற்றினார், வட்டாவிலிருந்து டம்ளருக்கு, மறுபடி வட்டாவுக்கு. ஆற்றினார், ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். அது தொட்டால் சுடாத காப்பி. ஆற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அது எனக்குத்தான் தெரியும், நான்தானே கலந்தேன். அப்படியும் நான் சொன்ன வார்த்தை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"ஆறிப்போச்சுங்க மச்சான். குடிங்க."

குடித்தார். வேறென்ன செய்வார்? டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் ஒரு தடவை செருமினார். அதற்குள் உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அக்கா பாலோடு வந்து நின்றிருந்தாள். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், அந்தப் பக்கம் திரும்பினார். கதவு அப்படியே இருந்தது.

"அப்ப நான் வாரேனுங்க. மாமா வந்தா, வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க மாப்ள" என்று எழுந்துவிட்டார்.

அப்பா வந்து சேதி கேட்டதும் குதித்தார். எட்டு மாசம் கழிச்சு வந்தவன் ஒரு வார்த்தை பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டு, அடுத்த வாரமே இரண்டு பெரியவர்களைச் சென்னிமலைக்கு அனுப்பினார். போனவர்கள் நாலு வார்த்தை அதிகமாகப் பேசினார்கள், அந்தப் பக்கமும் பேசினார்கள். சீர்ப் பாத்திரங்கள் திரும்பி வந்தன. அதோடு முடிந்தது.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் மச்சானுடைய தங்கை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாளாம். அண்ணன் ஈரோட்டில் தனியாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்ததாம். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வந்ததாம். அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததாம்.

அக்கா அதை வந்து என்னிடம் சொன்னாள். "அக்கா, நாந்தான் அவசரப்பட்டு ஊத்திப்போட்டேன்" என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "நீ தண்ணிய ஊத்துனே, அவ்வளவுதான். இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்துச்சல்ல? பாலக் கையில வெச்சுட்டுக் கதவுக்குப் பின்னாலயே நின்னுபோட்டேன்."

பிறகு அவள் டீச்சர் டிரெயினிங் படித்தாள், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள், தனியாகவே இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கணவனிடம் முதலில் பேசுவது பெண்ணுக்கு அழகில்லை என்ற வழக்கமும், அவள் நின்ற கதவும் இப்போது இல்லை. என் பேத்தி அவள் புருஷனோடு சண்டை போட்டால் அரை மணி நேரம் போனில் கத்துகிறாள், சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நிற்கிறார்கள். அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. அது அக்கா இருந்தபோதே ஒழிந்துவிட்டது. ஒரு நாள் பேத்தி கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்படித்தான் பேசியிருக்கோணும்" என்றாள் அக்கா. அப்போது அவளுக்கு எழுபத்து நாலு வயது.