குரலுக்கு வைத்த கவளம்

ரசச் சோற்றைத் தட்டில் குழையப் பிசைந்துகொண்டே, கனகராஜ் முழங்கையால் ரிமோட்டை அழுத்தி அறிவியல் சேனலை வைக்கிறார். அவர் என்னதான் கெஞ்சினாலும் அம்மா ராஜம்மா வாயைத் திறக்க மாட்டார். தொலைக்காட்சி பேசினால்தான் திறப்பார். "வியாழனின் நிலவுகளில் ஒன்று, பனிக்கட்டியால் போர்த்தப்பட்டது" என்று பெட்டியிலிருந்து கணீரென்று ஒரு குரல் எழுகிறது. ராஜம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்கிறார். அந்த நொடியில் முதல் கவளம் உள்ளே போகிறது.

பெட்டிக்குள் பேசுவதும் கனகராஜ்தான். மலேசியாவின் லாபிஸ் ஊரில் ரயில் பாதையை ஒட்டிய இந்த வீட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய் வந்து, இருபது வருடங்களுக்கு மேல் அந்தச் சேனலுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர். எரிமலையும் நீர்மூழ்கியும் கொசுவும் அவர் வாய் வழியாகத்தான் தமிழ் பேசின. வீட்டில் உப்பு கேட்டாலும் ஏதோ கோள் வெடிக்கப்போவதுபோல இருக்கும் என்று மனைவி யோகேஸ்வரி கேலி செய்வார். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், எழுதித் தந்ததில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்: "போய் வருகிறேன்." 'போறேன்' என்று சொல்லிவிட்டு யாரும் வாசலைத் தாண்டினால் அவருடைய அம்மாவுக்கு ஆகாது.

பிறகு தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் சேனல்காரர்கள் அவரை ஒலிப்பதிவு அறையில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னார்கள். இனிமேல் கணினி இந்தக் குரலிலேயே பேசும், சம்மதமா என்று கேட்டார்கள். கனகராஜ் சந்தோஷமாகவே தலையாட்டினார். ஆள் போனாலும் குரல் இருக்கட்டுமே என்றுதான் நினைத்தார். ஆள் இருக்கும்போதே அது தனிக்குடித்தனம் போய்விடும் என்று அவர் கண்டாரா?

இப்போது அவர் கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. மூச்சு அந்த வழியாகத்தான் போய் வருகிறது. பேச வேண்டுமானால் கைக்குள் அடங்கும் ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்துகிறார். வண்டு இரைவதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொற்கள் வருகின்றன. தொலைபேசியில் பேசினால் மோசடிக்காரன் என்று வைத்துவிடுகிறார்கள். "மிஷின் என்ன மாதிரி பேசுது, நான் மிஷின் மாதிரி பேசுறேன். என்ன லா செய்யறது?" என்று சிரிப்பார். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் இருக்காது.

அந்தச் சிரிப்பும் நின்றுபோகிற நேரங்கள் உண்டு. ஒருமுறை பக்கத்து ஊரான சிகாமட்டில் மின்சாதனக் கடையில், ஒரு பிளக் வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள், அத்தனையிலும் அவர் குரல். அது விவரித்த விண்கலமோ, அவருக்கு அறுவை நடந்த பிறகு ஏவப்பட்டது. "இத நான் எப்ப படிச்சேன்னு ஒரு நிமிஷம் நெசமாவே யோசிச்சேன்" என்கிறார். வாக்கியத்தின் நடுவே அவர் வழக்கமாக எச்சில் விழுங்கும் இடத்தில் அந்தக் குரலும் விழுங்கியது. தொண்டையே இல்லாதது எதை விழுங்குகிறது? பிளக்கை வாங்காமலே வெளியே வந்துவிட்டார். வீட்டில் மழை வலுக்கும்போது டிஷ்ஷுக்கு சிக்னல் போய், பெட்டி பாதிச் சொல்லில் ஊமையாகும். அப்போதெல்லாம் கனகராஜின் கை தன் கழுத்துக்குப் போய்விடும், மூச்சு வருகிறதா என்று பார்க்க.

ராஜம்மாவுக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டது. நினைவும் முன்னே பின்னேதான். மகனுக்கு நடந்ததை எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "எம்மவன் டிவில நல்லாத்தானே பேசிக்கிட்டு இருக்கான்? நீ ஏன் அபசகுனமா பேசற?" என்று மருமகளைத்தான் கடிந்துகொள்வார். கருவியின் இரைச்சலைக் கேட்டாலே அவருக்கு உடம்பு நடுங்கும். அதனால் அம்மாவின் அறையில் கனகராஜ் அதை எடுப்பதே இல்லை. தனக்குச் சோறூட்டுவது சம்பளத்துக்கு வைத்த யாரோ வாய் பேசாத தம்பி என்று ராஜம்மா முடிவு கட்டிவிட்டார். "நல்ல புள்ள நீ. ஒங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்பார். அவரைப் பெற்றவளே அப்படிக் கேட்கும்போது கனகராஜ் என்ன செய்வார்? தலையை மட்டும் ஆட்டுவார், அதுவும் அம்மாவுக்குத் தெரியாது.

ஒரு நாள் ராஜம்மா பெட்டியின் பக்கம் திரும்பி, "கனகு, சாப்ட்டியாப்பா?" என்றார். "இல்லை. இதுவரை எதுவும் கிடைக்கவில்லை" என்றது குரல், வேறு கோள்களில் உயிர் தேடும் கதையில். ராஜம்மா பதறிப்போனார். அன்றிலிருந்து தன் சோற்றில் ஒரு உருண்டையைத் தானே பிடித்து, தட்டின் ஓரத்தில் மகனுக்கென்று வைக்கிறார். யோகேஸ்வரி அதைப் பார்க்கும்போதெல்லாம் கணவரிடம் கேட்பார்: "அலமாக், கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு உருண்டை புடிச்சு வெச்சா அது யாருக்குங்க? உயிரோட இருக்கிறவங்களுக்கா?" சாயங்காலம் அதைக் காக்கைக்குப் போட மனம் வராமல் காகிதத்தில் சுற்றி எறிவார். காய்ந்த உருண்டையில் மாமியாரின் விரல் தடம் அப்படியே இருக்கும்.

பழைய நிகழ்ச்சிகள் மறு ஒளிபரப்பாகும் நாட்களில் ஒரு சிக்கலும் இல்லை. பெட்டி "போய் வருகிறேன்" என்று முடிக்கும். "போயிட்டு வாப்பா" என்று பதில் சொல்லிவிட்டு, ராஜம்மா கடைசி வாயை வாங்கிக்கொள்வார்.

சென்ற வாரம் வந்தது புதிய நிகழ்ச்சி. அணைந்துபோன நட்சத்திரங்களைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, "இத்துடன் விடைபெறுகிறேன்" என்றது கனகராஜின் குரல். அவ்வளவுதான், இசை வந்துவிட்டது. ராஜம்மா முகத்தைப் பெட்டியின் பக்கம் நீட்டிக் காத்திருந்தார்.

"தம்பி, வரேன்னு சொல்லலியே அவன்."

நீட்டிய கவளத்தை அவர் வாங்கவில்லை. "போறேன்னுட்டானே. எங்க போறான்? கனகு! கனகு!" குரல் உடைந்து, எழுந்துகொள்ளப் பார்த்தார்.

கனகராஜின் கை சட்டைப் பையிலிருந்த கருவிக்குப் போனது. இரைச்சலுக்கு அம்மா இன்னும் மிரளுவாரே என்று திரும்பி வந்தது. பெட்டியை அணைத்தார். கழுத்துத் துணியை விலக்கி, அம்மாவின் இடது உள்ளங்கையை எடுத்துத் துளைக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். "போயிட்டு வரேம்மா" என்று உதட்டால் மட்டும் சொன்னார். ஒலி இல்லை. விட்டு விட்டு வெளிவந்த சூடான மூச்சு அம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது.

ராஜம்மாவின் கை திடுக்கிட்டது. ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. கனகராஜ் இன்னொரு தடவை சொன்னார்.

ராஜம்மா அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு, வலது கையால் தட்டைத் துழாவினார். ஓரத்திலிருந்த உருண்டையை எடுத்தார். இடது கை கழுத்திலிருந்து மெல்ல மேலேறி, மோவாயின் முள்தாடியைத் தடவி, உதட்டைக் கண்டுபிடித்தது. அந்த இடத்தில் உருண்டையைக் கொண்டுபோய் வைத்தார்.