மூடப்படாத கிளப்

நான் பொய் சொன்னேன். நடந்துகொண்டிருந்த ஒரு சீட்டாட்டக் கிளப்பை மூடிவிட்டோம் என்று, அதை உயிராக நினைத்த ஒரு மனிதரிடம் சொன்னேன். அவர் வரக்கூடாது என்பதற்காக!

உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஒரு சீட்டுக்கட்டுக்கு இவ்வளவா என்று சிரிக்கலாம். சிரியுங்கள்... முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஊத்துக்குளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கோவையில் மில் அதிகாரியாக இருந்த என் கணவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஆட்டம் பிரிட்ஜ். அவர் இறந்த பிறகு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. ஓடாமல் கிடந்த எங்கள் பனியன் துணி நிட்டிங் ஷெட்டில் மேசை போட்டு, சனிக்கிழமைதோறும் பிரிட்ஜ் கிளப் நடத்த ஆரம்பித்தேன். காசு வைத்து ஆடுவதில்லை. ஆடத் தெரிந்தவர், தெரியாதவர், யாரும் வரலாம் என்று ஊரெல்லாம் நானே சொல்லிவந்தேன்.

முதலில் வந்தவர் மரியதாஸ் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். மகள் ஜெஸிந்தாவுடன் இருந்தார்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது; நம்பித்தான் ஆடவேண்டும். அண்ணாச்சி என் ஜோடி ஆனார். நான் ஜெயிக்கவேண்டிய சீட்டை அவரே துருப்பு போட்டு வெட்டிவிடுவார். "ஐயையோ தங்கச்சி, ஒன் ராணிய நானே வெட்டிப்புட்டேன்!" என்று அவர் சிரிக்கும்போது மேசை முழுவதும் சிரிக்கும்.

பிறகு அவர் மறக்கத் தொடங்கினார். துருப்பு எது என்று ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருநாள் ஜெஸிந்தா என்னைத் தேடி வந்தாள்.

"அத்தே, அப்பாவுக்கு மறதி நோயின்னு டாக்டர் சொல்லுதாரு. சனிக்கெழமைன்னா மட்டும் காலையிலேயே குளிச்சு, சட்ட மாத்தி உக்காந்திருக்காவ. அவுகள விட்டுராதீய."

"நாங்க இருக்கறம் கண்ணு. நீ கவலப்படாத."

அப்படித்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்!

அதன்பின் ராஜசேகர் எங்கள் ஊருக்குக் குடிவந்தார். வங்கி அதிகாரியாக இருந்தவர், தேர்ந்த ஆட்டக்காரர். கிளப்புக்கு வந்து சில வாரங்கள் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "நீங்க எங்கூட ஜோடி சேந்தா கோயமுத்தூர் போட்டியில ஜெயிச்சுப்போடலாமுங்க. அவரோட ஆடி ஆடி உங்க ஆட்டமே கெட்டுப்போச்சுங்க."

கோபம் வந்திருக்கவேண்டாமா எனக்கு? வரவில்லை. உள்ளுக்குள் மனம் குளிர்ந்துபோனேன். உண்மையைச் சொல்லவா? அண்ணாச்சியின் மேல் எனக்கு அதற்கு முன்பே சலிப்பு வந்திருந்தது. அவர் கேள்வி கேட்கும்போதெல்லாம் முகத்தில் புன்னகையும் நெஞ்சில் எரிச்சலுமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஷெட்டை ஒரு கம்பெனி குடோனுக்குக் கேட்டது. வாடகைக்கு விட்டேன். கிளப் ராஜசேகர் வீட்டு மாடிக்கு இடம் மாறியது. எல்லோருக்கும் சொன்னேன். அண்ணாச்சியிடம் மட்டும் நேரில் போனேன்.

"கிளப்ப மூடிட்டமுங்க அண்ணாச்சி. ஷெட்ட வாடகைக்கு உட்டாச்சுங்க."

அவர் என்னையே பார்த்தார். கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவரோ, "ஒனக்குத்தாம் தங்கச்சி கஷ்டமா இருக்கும். மாப்பிள்ள நெனப்பா நடத்துன கிளப்புல்லா... மனசத் தளரவிடாத" என்றார்.

அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை... மற்றவர்களிடம், "அண்ணாச்சிக்கு ஒடம்பு முடியலீங்க, இனி வரமாட்டாராம்" என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். கோவைக்குப் போனோம். ஜெயித்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன், அதையும் மறைக்க மாட்டேன்.

சில மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் ஜெஸிந்தாவைப் பார்த்தேன். "எம் பேரே சில நேரம் மறந்துருது அத்தே. ஆனா சனிக்கெழமையானா சட்டய மாத்துதாவ. பெறவு, 'கிளப்பத்தான் மூடிட்டாவளே'ன்னு அவுகளே சொல்லிக்கிட்டு உக்காந்துருதாவ."

பெற்ற மகளின் பெயர் நழுவிய மனத்தில் என் பொய் மட்டும் நழுவாமல் நின்றது! ஏன்? எதற்காக அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்?

மகள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிளப் மூடவில்லை, உங்களைத்தான் தவிர்த்தேன் என்றேன். அவர் முகம் மெல்லச் சுருங்கியது.

"நான் அவ்வளவு மோசமாவா ஆடுனேன்?"

அது ஒன்றுதான் கேட்டார்.

அடுத்த வாரம் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போனேன். நான் சொன்னது எதுவும் அவர் நினைவில் இல்லை. "கிளப்ப மூடிட்டேன்னு வருத்தப்படாத தங்கச்சி" என்று மறுபடி எனக்கு ஆறுதல் சொன்னார். சீட்டுகளை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பேடும் டைமனும் அவருக்கு வெறும் படங்களாகிவிட்டிருந்தன. யாரோ மறந்துவிட்டுப்போன பொருளைத் தருவதுபோல, மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது? கேட்டாலும் எந்த மனம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும்?

ஜெஸிந்தாவிடம் சொல்லலாம் என்கிறீர்களா? சொல்லத்தான் போன ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அவள் டீ போட்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"கிளப்புல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்க ஒருத்தராவது வாரியளே அத்தே..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.