மயில் செய்த குற்றம்

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் என் தங்கை வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது நாங்கள் நால்வரும் போயிருந்தோம். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு நான்கரை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சிங்கத்தைப் பார்க்காமல் கறம்பக்குடிக்குத் திரும்புவதா என்று மறுநாள் காலையிலேயே என் கணவர் எங்களை மிருகக்காட்சி சாலைக்குக் கிளப்பிவிட்டார். பிள்ளைகளைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம். டிக்கெட் வாங்க அவர் ஓடிய ஓட்டத்திலேயே அது தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் மயில் கூண்டு. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம கொல்லையில தெனம் வெரட்டுறோம்.”

எங்களுக்கு இரண்டு ஏக்கர் கடலைக்கொல்லை உண்டு. விதைத்த கடலையை மயில்கள் கிளறித் தின்றுவிடும். அவற்றைத் தொட்டால் கேஸாகிவிடும் என்பதால் என் கணவர் வாயால் மட்டும்தான் விரட்டுவார். “புடிச்சு ஜெயில்ல போட்டுருவேன், ஓடு!”

மகன் கம்பி வலையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு அப்பாவை அண்ணாந்து பார்த்தான்.

“அப்பா, நெசமாவே புடிச்சுப் போட்டுட்டியா?”

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளையின் பார்வையில் இருந்த மரியாதையை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. “பின்ன? கடலையத் தின்னா சும்மா விட்டுருவோமா?” என்றார்.

அதோடு போயிற்று எங்கள் நிம்மதி. ஒவ்வொரு கூண்டின் முன்னும் அவன் கேட்டான், “இது என்ன செஞ்சுச்சு?” நீர்யானை கண்மாய்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கி அடுத்த வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. கரடி தேன் திருடியது. மத்தியானத்துக்குள் அவருக்குக் குற்றங்கள் தீர்ந்துவிட்டன. ஆந்தையைக் காட்டி, “இதுக்கு இன்னும் வெசாரண நடக்குது” என்று சமாளித்தார்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. “அப்பா பொய் சொல்றாங்கடா. இதெல்லாம் அழிஞ்சு போகாமப் பாதுகாக்குறாங்க. எங்க புக்குல இருக்கு.”

“ஜெயில்லயும் பாதுகாப்பாத்தான் வச்சிருப்பாங்க” என்றான் அவன்.

கடைசியாகச் சிங்கம் பார்க்கப் பேருந்தில் ஏறினோம். ஜன்னல்களில் கம்பி வலை. உள்ளே விட்டதும் ஊழியர் கதவைச் சாத்திவிட்டார். கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தடியில் சிங்கம் படுத்திருந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். மகன் மட்டும் ஜன்னல் வலையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“அம்மா, சிங்கம் வெளிய இருக்கு.”

“ஆமா சாமி.”

“நாமதான் கம்பிக்குள்ள இருக்கோம்.”

“ஆமா.”

அடுத்த கணம் பேருந்தே அதிரும்படி அலறினான். “அப்பா! வண்டிச் சாவிய நான்தான் கெணத்துல போட்டேன்! இனிமே போட மாட்டேன்! வீட்டுக்குப் போவோம்!”

பேருந்து முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது.

அந்தச் சாவி காணாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. துணி துவைக்கும்போது நான்தான் தொலைத்துவிட்டேன் என்று அவர் சொல்ல, நான் இல்லை என்று சண்டை போட, அவர் திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்து, கடைசியில் மன்னிப்பும் கேட்டிருந்தேன். இப்போது நான் அவரைப் பார்த்தேன். அவர் சிங்கத்தைப் பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எதுக்குடா போட்ட?” என்றேன்.

“டம்முனு சத்தம் வருதான்னு பாத்தேன்.”

“டம்முனு எங்க வந்துச்சு? களக்குன்னுதான் வந்துச்சு” என்றாள் மகள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப நீயும் கூடத்தான் நின்னியா?”

“யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு தம்பி சத்தியம் வாங்கிட்டான்மா.”

பேருந்தில் ஒரே சிரிப்பு. முன் இருக்கைப் பெரியவர் ஒருவர், “பிள்ளைய அடிச்சிராதீங்க, அதுவாவே ஒத்துக்கிருச்சு” என்று எங்களிடம் சிபாரிசு செய்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன அதிர்ச்சி. நான் வீடெல்லாம் அந்தச் சாவியைத் தேடியபோது, அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டு என்னோடு சேர்ந்து தேடியவள் இவள்தான். எனக்குத் தெரியாத ஓர் உலகத்தில் இவர்கள் இருவரும் எப்போது குடியேறினார்கள்?

இந்தக் கலவரத்துக்கு நடுவே சிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, பேருந்துக்குப் பக்கத்திலேயே நடந்து போயிருக்கிறது. இறங்கும்போது ஊழியர்தான் சொன்னார். “இம்புட்டுக் கிட்ட வர்றது அபூர்வம் சார்.” என் கணவர் ஊர் வந்து சேரும்வரை யாரோடும் பேசவில்லை.

மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து அதே இடத்துக்கு டூர் கூட்டிப்போனார்கள். “பஸ் ஏத்திவிடல்லாம் வராதீங்கம்மா, பசங்க சிரிப்பாங்க” என்று வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டுப் போனான். திரும்பி வந்ததும், என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டேன்.

“நல்லா இருந்துச்சும்மா.”

அவ்வளவுதான். பிறகு அக்காவும் தம்பியும் மாடிக்குப் போய் அரைமணி நேரம் பேசிப் பேசிச் சிரித்தார்கள். நான் இரண்டு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு படியேறினேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.