குழாயடித் தகர மூடி

மகன் ஆசைக்கு வாங்கிய மீன்தொட்டியைப் படுக்கையறையில் வைத்தது தப்பு. தொட்டியில் நீர் குறைந்ததும் ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீர் சளசளக்க, "குடம் எங்கே?" என்று பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் ஆரணி வீட்டு வாசல் குழாயில் ராத்திரிதான் தண்ணீர் வரும். எந்நேரம் என்று யாருக்கும் தெரியாது. அம்மா குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு தகர மூடியைக் கவிழ்த்து வைப்பாள். தறி ஓடினால் மூடிச் சத்தம் கேட்காது என்று அப்பா நெய்வதையும் நிறுத்திவிடுவார். மூடி தடதடத்ததும் அம்மா எங்களை உலுக்குவாள். "எழுந்திருங்கடி, ஜல்தி! நின்னுடப் போவுது!" தூங்கிப்போன வீட்டில் மறுநாள் உலை வைக்கவும் தண்ணீர் இருக்காது.

இப்போது ஒரு சொம்பு நீரைத் தொட்டியில் ஊற்றினேன். சத்தம் அடங்கியது. அப்பாடா என்று திரும்பினால், எங்களோடு இருக்கும் அம்மா கதவருகே நிற்கிறாள், தூக்கக் கலக்கத்தில், இடுப்பில் காலிக் குடத்தோடு.

"தண்ணி வந்துகினு இருக்குதா? ஏன்டி என்னை எழுப்பல?"

"அது மீன்தொட்டிம்மா. மாடியில டேங்கு நிறைய தண்ணி இருக்குது, போய்ப் படு."

அம்மா சிரித்துக்கொண்டே குடத்தை அங்கேயே இறக்கி வைத்தாள். என் இடுப்பும் லேசானது.