எனார்மஸ் லேடி

எங்கள் சித்தப்பா பி.ஏ. தேறியது மூன்றாம் முறை எழுதியபோது. அதனால் வீட்டில் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை. மூன்று முறை படித்தவர் என்பதால் படிப்பு நன்றாக ஊறியிருக்கும் என்றே நாங்கள் நம்பினோம். அப்பா தறியில் உட்கார்ந்து தம்பியைப் படிக்க வைத்தவர். சித்தப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். எங்கள் தெருவில் யாருக்கு இங்கிலீஷில் காகிதம் வந்தாலும் அது அவர் கைக்குத்தான் போகும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவருக்குக் கல்யாணம் நடந்தது. பத்தாவதுக்கு மேல் படித்த பெண் வேண்டாம் என்று அப்பா தரகரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதிகம் படித்தவள் வந்தால் வீடு இரண்டாகிவிடும் என்பது அவர் பயம். சைதாப்பேட்டையிலிருந்து வந்த சித்தி பத்தாவது வரைதான் என்றார்கள். மெலிந்த உடம்பு, எண்ணிப் பேசுகிற பேச்சு. வந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவோடு உட்கார்ந்து பட்டுநூல் சுற்றப் பழகிவிட்டாள். நெய்து முடித்த சேலையை அவள் மடிக்கிற அழகை அப்பாவே ஒருமுறை பாராட்டினார்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் முழுக்கத் தறிகள். மிச்சமிருந்த கூடத்தில்தான் எல்லாரும் சாப்பிட்டோம், படுத்தோம், சண்டை போட்டோம். அந்த வீட்டில், கல்யாணமான சில நாட்களில், சித்திக்கு இங்கிலீஷ் கற்றுத்தரப் போவதாகச் சித்தப்பா அறிவித்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தம்பி சொன்னதால் விட்டுவிட்டார். விளக்கு வைத்த பிறகு கிணற்றடிப் பக்கம் பாய் விரித்துப் பாடம் நடக்கும். குழந்தைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். நான் தூண் மறைவில் நின்று கேட்பேன். மாதம் ஒன்று ஆகியும் அவர்கள் “திஸ் ஈஸ் எ கேட்”டைத் தாண்டவில்லை. சித்திக்குப் படிப்பு ஏறாது போலிருக்கிறது என்று எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது.

அந்த வருஷம்தான் பட்டு வாங்குகிற வெளிநாட்டு அம்மாள் ஒருவர் சங்கத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. வரவேற்புரை சித்தப்பாவுடையது. சங்கத் தலைவர் மதராஸ் போய் அந்த அம்மாளை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் ஒரு வசதியான வீட்டிலிருந்து கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்றை மாட்டுவண்டியில் வரவழைத்தது. சங்கத்தில் இருந்த மடக்கு நாற்காலிகள் அந்த அம்மாளைத் தாங்காதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் ஒத்திகை. தறியை நிறுத்திவிட்டு அப்பா வந்து உட்கார்ந்தார். சித்தப்பா சட்டை போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று ஆரம்பித்தார்.

“டுடே ஈஸ் எ கோல்டன் டே. ஆன் எனார்மஸ் லேடி ஹேஸ் கம் டு அவர் ஸ்மால் டவுன்.”

“அது இன்னாடா, எனார்மஸ்? புதுசா இருக்குது?” என்றார் அப்பா.

“பெரிய மனுஷின்னு அர்த்தம்ணா. கிரேட்டுன்னு எல்லாருந்தான் சொல்லுவான். இது அதுக்கும் மேல.”

அப்பா அந்தச் சொல்லை வெற்றிலை மாதிரி ஒருதரம் வாயில் ஒதுக்கிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது.”

சமையலறை வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த சித்தி தலை நிமிராமல் சொன்னாள்: “அந்த வார்த்த வேணாங்க.”

சித்தப்பா சிரித்துக்கொண்டு, “ஏன், வாயில நுழையலியா?” என்றார்.

“அது ஆளோட ஒடம்பச் சொல்ற மாதிரி ஆயிடுங்க. இருக்கவேண்டிய அளவு மீறிப் போனாத்தான் எனார்மஸ். அவங்க ஒக்கார்றதுக்கே தனியா நாற்காலி வந்துகீது. மனசு கஷ்டப்படுவாங்க.”

சித்தப்பா அகராதியை எடுத்துவந்து புரட்டினார். அகராதி அவர் பக்கம்தான் இருந்தது. ஹ்யூஜ் என்றால் மிகப் பெரிய. வாஸ்ட் என்றால் மிகப் பெரிய. இம்மென்ஸ் என்றாலும் எனார்மஸ் என்றாலும் மிகப் பெரிய. “பாத்தியா? எல்லாம் ஒண்ணுதான்” என்று அவள் முன்னால் நீட்டினார்.

சித்தி புத்தகத்தைப் பார்க்கவில்லை. “ஓரிக்கைப் பக்கம் பாலாறு எப்படி விரிஞ்சி கெடக்குது, அது வாஸ்ட். அத ஹ்யூஜுன்னு சொன்னா மணல யாரோ குவிச்சி வெச்ச மாதிரி ஆயிடும். தேரு ஹ்யூஜ். முன்னால வந்து நிக்கற பொருளுக்கு அது. இம்மென்ஸுக்குப் பொருளே வேணாம். அளக்க முடியாத எதுவா இருந்தாலும் சொல்லலாம், சந்தோஷத்தக்கூட.”

பேசப் பேச அவள் குரல் மாறிக்கொண்டே வந்தது. எங்கள் பள்ளிக்கூட டீச்சர் குரல்போல இருந்தது. அவளே அதைக் கேட்டுவிட்டவள்போலச் சட்டென்று நிறுத்தினாள்.

“நீ எது வரைக்கும் படிச்சிக்கிற?” என்று கேட்டவர் அப்பா.

சித்தி எழுந்து நின்றாள். “பி.ஏ., மாமா. இங்கிலீஷ். பத்தாவதுன்னு சொல்லச் சொன்னது எங்கப்பா.”

அப்பா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா அகராதியை மூடிக்கொண்டிருந்தார். அப்பா தறிக்குப் போனார். அன்று முழுக்கப் தறிப்பலகை அடிக்கிற சத்தம் வழக்கத்தைவிட ஓங்கிக் கேட்டது. அன்றிலிருந்து கிணற்றடிப் பாடம் நின்றது. அம்மா மட்டும் சித்தியின் தட்டில் இரண்டாம் தரம் குழம்பு ஊற்றினாள். பொய் சொல்லி வந்தவள் என்று அப்பா அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண் எங்கள் தெருவிலேயே இருந்தாள்.

விழா நாள் வந்தது. தேக்கு நாற்காலியில் அந்த அம்மாள் நிறைந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து வேர்த்திருந்தாலும் யாரைப் பார்த்தாலும் சிரித்தார். அப்பா முன்வரிசையில். நான், அம்மா, சித்தி மூவரும் பெண்கள் பக்கம் ஜமக்காளத்தில். சித்தப்பா எழுந்து தொண்டையைச் செருமினார்.

“டுடே ஈஸ் எ கோல்டன் டே. எ கிரேட் லேடி ஹேஸ் கம் டு அவர் ஸ்மால் டவுன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அவர் ஜாய் ஈஸ் இம்மென்ஸ்.”

சித்தி ஜமக்காளத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல் அப்படியே நின்றது.

பேச்சு முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு சேலையை மடியில் போட்டு, கரையைத் தடவியபடி சித்தப்பாவிடம் வேகமாக ஏதோ கேட்டார். சித்தப்பா “எஸ், எஸ்” என்றார். அந்த அம்மாள் மறுபடியும் கேட்டார். பதில் எஸ் அல்ல என்பது எனக்கே தெரிந்துவிட்டது. சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பினார். ஊரே பார்க்க, அண்ணன் பார்க்க, “இப்பிடி வாம்மா” என்று கூப்பிட்டார். பிறகு அந்த அம்மாளிடம், “மை வைஃப். ஹெர் இங்கிலீஷ் ஈஸ் பெட்டர் தேன் மைன்” என்றார்.

சித்தி போய் நின்றாள். அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நேராக அப்பா பக்கம் திரும்பினாள். “மாமா, கரை வேற நெறம், ஒடம்பு வேற நெறமா இருக்குதே, ரெண்டையும் எப்பிடிச் சேத்தீங்கன்னு கேக்கறாங்க.”

அப்பா எழுந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஊட நூல் ஓட்டற நாடா கரைக்கு ஒண்ணு, ஒடம்புக்கு ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் ரெண்டும் ஒண்ணுல ஒண்ணு மாட்டிக்கினு போவும். துணி கிழிஞ்சாலும் அந்தக் கோர்வை பிரியாதுன்னு சொல்லு.”

சித்தி சொன்னாள். அந்த அம்மாள் சிரமப்பட்டு நாற்காலியைவிட்டு எழுந்து, அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு சொல் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா முன்னால் போனார். தெரு திரும்புகிற இடத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் கேட்டார்: “அந்தம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்களே, அது இன்னா?”

“ட்ரெமண்டஸ், மாமா.”

“அதுவும் பெருசுதானா?”

“பெருசுதான் மாமா. பாத்தவங்கள ஒரு ஆட்டு ஆட்டிடற மாதிரி பெருசு.”

அப்பா கொஞ்ச தூரம் நடந்தார். “பி.ஏ. படிச்சிட்டு நூல் சுத்திக்கினு இருக்குதே இந்தப் பொண்ணு” என்று அம்மாவிடம் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். அடுத்த ஜூனில் சித்தி பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆனால் எனக்கு விளங்காத ஒன்று அதற்கு முன்பே நடந்தது. விழா முடிந்த மறுநாள் விளக்கு வைத்ததும் சித்தப்பா பாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சித்தி அதே முதல் பாடப் புத்தகத்தோடு பின்னால் போனாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரே அம்மாவிடம் போய், “சித்திக்குத்தான் எல்லாம் தெரியுதே, இன்னும் எதுக்கு சித்தப்பா சொல்லிக் குடுக்கறாரு? சித்திதானே அவருக்குச் சொல்லித்தரணும்?” என்று கேட்டேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்டதுபோல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. “அந்தப் பக்கம் போவாத, பாடம் கெட்டுடும்” என்றாள்.

நான் தூண் மறைவில் போய் நின்றேன். புத்தகம் பாயின் ஓரத்தில் மூடிக் கிடந்தது. அவ்வளவு நேரத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட என் காதில் விழவில்லை. இப்படிப் படித்தால் இருவரில் யாருமே முன்னுக்கு வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே போய் என் பாடத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.