எல்லாப் பந்தும் இடது பக்கம்

அந்தப் பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சருக்குப் பேச்சு என்றாலே ஆகாது. வாலிபால் சொல்லிக்கொடுக்கிற மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார், முன்னால் போய் நின்று செய்து காட்டுவார், விசில் ஊதுவார். அவ்வளவுதான் பாடம். முழங்காலை மடக்கு என்று சொல்லமாட்டார், மடக்கிக் காட்டுவார். இரண்டு கையையும் நீட்டிச் சேர்த்து, கட்டைவிரல்களை ஒட்டி வைத்து, மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் பந்தை வாங்கி எழுப்புவார். விசில் கேட்டதும் பிள்ளைகள் அதை அப்படியே செய்ய வேண்டும். "என் வாயப் பாக்காதீங்க, என் உடம்பப் பாருங்க." வருஷத் தொடக்கத்தில் இந்த ஒரு பேச்சு, அதோடு சரி. விசில் டீச்சர் என்று பிள்ளைகள் வைத்த பெயர் தலைமையாசிரியை வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

இதில் டீச்சருக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது? அவருடைய பிள்ளைகள் பந்தை வாங்க நின்றால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அந்தக் கர்வம்தான் பிற்பாடு காலை வாரிவிட்டது.

போன விடுமுறையில் ஒருநாள் காலையில் எழுந்தால் இடது கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ மறைத்தது. முகம் கழுவினார், போகவில்லை. ரத்தக் குழாயில் அடைப்பு, போன பார்வை போனதுதான் என்று கண் மருத்துவர் கையை விரித்துவிட்டார். வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம். அதுவே பெரிய ஆறுதல் என்று மருத்துவர் சொன்னபோது டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டினவர் என்று சொல்வதுதான் சரி. ஒருநாள் வண்டியில் தலை சுற்றியது. நல்ல மனுஷன், நம்மை நம்பி ஏறுகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று தானாகவே பணிமனையில் போய்ச் சொன்னார். பாராட்டவா செய்வார்கள்? ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டயர் அடுக்குகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சம்பளம் பாதியானது. அதிலிருந்து அவர் கண்ணாடி பார்த்துத் தலை சீவுவதைக்கூட விட்டுவிட்டார். மனைவியின் கண் விஷயம் தெரிந்ததும் அன்று படுக்கப் போகும்போது ஒன்று சொன்னார்.

"நான் வாயத் தொறந்தேன், டயரோட டயரா கெடக்கறேன். நீயாவது மூடிக்கிட்டு இரு. பொண்ணு படிப்பு முடியட்டும்."

டீச்சரும் மூடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பந்து சும்மா இருக்குமா? ஒற்றைக் கண்ணுக்கு அது வருகிற தூரமே பிடிபடவில்லை. கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தால் நெஞ்சில் வந்து மோதியது. விடுமுறை முடிவதற்குள் வீட்டுப் பின்பக்கச் சுவரில் பந்தை அடித்து அடித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, தாடையை இடது தோளுக்குக் கொண்டுபோனால் வலது கண் நடுவில் வந்துவிடும். பந்து சமர்த்தாகக் கைக்கு வந்தது. பள்ளி திறந்தது, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சமாளித்துவிட்டோம் என்று டீச்சர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

கொஞ்ச நாளில் பிள்ளைகள் எழுப்புகிற பந்தெல்லாம் இடது பக்கம் போக ஆரம்பித்தது. டீச்சர் மைதானம் சரிவாக இருக்கிறது என்றார், காற்றைத் திட்டினார், பந்தில் கோளாறு என்று சண்டை போட்டுப் புதுப் பந்து வாங்கினார். அதுவும் இடது பக்கமே போனது. கடைசியில், பந்தைத் தூக்கிக் கொடுக்கிற பெண்ணையே பெயர்த்து இடது ஓரத்தில் நிறுத்தினார். தப்பு போகிற இடத்துக்கே ஆளை அனுப்பிவைத்த புத்திசாலி அவர் ஒருவர்தான்.

அப்புறம் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் விளையாட வந்தார்கள். அவர்களுடைய விளையாட்டு சார் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு டீச்சர் காதோரம் குனிந்தார்.

"என்ன டீச்சர், உங்க பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

டீச்சர் பார்த்தார். முழங்கால் சரி, கை சரி, கட்டைவிரல் சரி. எல்லாத் தாடையும் இடது தோளில். முகம் திரும்பினால் தோளும் திரும்பும், தோள் திரும்பினால் பந்தும் திரும்பும். மூடி மூடி வைத்த சங்கதி மைதானம் பூரா வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

அந்த நிமிஷமே ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நாளைக்குச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று நினைத்தார். அடுத்த பந்து இரண்டு பெண்களுக்கு நடுவில் இறங்கியது. குச்சி என்று கூப்பிடுகிற ஒல்லிப் பெண் முகத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு பந்துக்குப் போனாள். வலது பக்கத்திலிருந்து ஓடி வந்தவளை அவள் பார்க்கவே இல்லை. வந்தவளின் தலை நேராகக் குச்சியின் மூக்கில் மோதியது. சட்டையெல்லாம் ரத்தம்.

தலைமையாசிரியை அறையில் குச்சி மூக்கில் பஞ்சோடு நின்றாள். அவளுடைய அம்மா தையல்காரி. தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் போட்டுவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடி வந்திருந்தாள். ஆளைப் பார்க்காமல் எங்கே பராக்குப் பார்த்தாய் என்று தலைமையாசிரியை குச்சியை அதட்டினார். டீச்சர் நிற்கிற மாதிரிதான் நின்றேன் என்றாள் குச்சி. செய்வதையும் செய்துவிட்டு டீச்சர் மேலேயே பழி போடுகிறாயா என்று தலைமையாசிரியைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இனிமேல் இவள் அணியில் வேண்டாம் என்றார். தையல்காரி மகளின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்."

தலையை ஆட்டினால் போதும், அத்தோடு முடிந்தது. டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் நினைவுக்கு வந்தார், மகளின் படிப்பு வந்தது. பக்கத்தில் விசும்பல் கேட்டது. டீச்சர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார்.

"அவ பொய் சொல்லல மேடம். இப்போ அவ என் இடது பக்கம் நிக்கறா. அழறது கேக்குது. முகம் தெரியல."

தலைமையாசிரியை இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். நிர்வாகம் கூடித்தான் முடிவு செய்யும், அதுவரைக்கும் வகுப்பு எடுக்கலாம், பந்தைத் தொடக் கூடாது என்றார். வீட்டில் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. பணிமனையில் டயர் நிறையக் கிடக்கிறது, துணைக்கு வா என்றார். இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை.

குச்சி மூக்கில் பிளாஸ்திரியோடு அணிக்குத் திரும்பி வந்த அன்று, டீச்சர் பிள்ளைகளிடம் கண் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். நேராகப் பாருங்கள், என்னை மாதிரி நிற்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். விசில் ஊதினார். முழங்கால்கள் மடங்கின, கைகள் சேர்ந்தன, முகங்கள் மொத்தமும் இடது பக்கம் போயின. குச்சியின் பிளாஸ்திரி மூக்கும் அந்தப் பக்கம்தான். டீச்சர் ஒவ்வொருத்தியாகப் போய்த் தாடையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கிக்கொண்டே வந்தார். கடைசிப் பெண்ணை முடித்துவிட்டு முன்னால் வந்து பார்த்தால், முதல் பெண்ணின் தாடை பழையபடி தோளுக்குப் போயிருந்தது, அடுத்தவளுடையதும் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்ப்பதற்கு அவரும் முகத்தை இடது பக்கம்தான் திருப்பியிருந்தார்.